பத்தொன்பது புள்ளி ஆறாவது கிலோமீட்டர்

ஜீப்புக்குப் பெரிய டயர் போடுவதா வேண்டாமா என்று ஒரு வருஷமாக நடந்த சண்டை அது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நாகஜோதி தோற்றுப்போனாள். ஜெயித்தவன்தான் பக்கத்தில் இல்லை.

ஜெயித்தவன் அவள் புருஷன் தவசி. சாம்பக்கானல் மலையில் கால் முறிந்து கிடந்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மலையில் எப்படியோ சிக்னல் கிடைத்து, அவனிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. "ஏ ஜோதி, வழுக்கி விழுந்துட்டேன். தொடை எலும்பு போயிருச்சுன்னு நெனைக்கிறேன். தவந்து வந்து பாறைக்குடைக்குள்ள ஒதுங்கிட்டேன். என் நோட்டுல பாரு, பத்தொம்பது புள்ளி ஆறு. வண்டியில வாங்க, நடந்து வந்து என்னையத் தூக்க முடியாது." அவ்வளவுதான். சார்ஜ் தீர்ந்தோ என்னவோ, பேச்சு அறுந்து போனது.

கைவிட்டுப்போன பழைய ஏலத்தோட்டத்தில் இரண்டு மூட்டை ஏலக்காய் கிடக்கிறது, மழையில் பூஞ்சை பிடித்துவிடும் என்று திங்கட்கிழமை நடந்தே ஏறிப்போனவன் அவன். ஏன் நடந்து போனான்? மழையில் அந்தப் பாதையில் ஜீப் ஏறாது. ஏன் ஏறாது? டயர் சின்னது. ஏன் சின்னது? போடியிலேயே பெரிய டயர் கடை வைத்திருக்கும் பொண்டாட்டி, "முப்பது வருஷத்துக் கிழட்டு வண்டிங்க. ஆக்சில் தாங்காது, பிரேக் பத்தாது. ஆசைப்பட்டதையெல்லாம் மாட்ட இதென்ன காலுக்குச் செருப்பா?" என்று ஒரு வருஷமாக மறுத்துவந்தாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் இரண்டு நாளாக அவள் நெஞ்சை அறுத்தது.

புதன்கிழமையே ஒருமுறை ஏறிப் பார்த்தார்கள். ஆறாவது கிலோமீட்டரில் பாதையின் நடுமேட்டில் ஜீப்பின் வயிறு தட்டி, நாலு சக்கரமும் காற்றில் சுற்றின. பின்னால் கயிறு கட்டி இழுத்துத் திரும்பினார்கள். மழை விட்டால் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள் அனுப்ப வேண்டியவர்கள். ஆவணி மழை யார் அவசரத்துக்கு விட்டிருக்கிறது?

ஆகவே வியாழக்கிழமை காலை, கடை வாசலில் ஜாக்கி மேல் ஏறி நின்றது ஜீப். சுற்றிலும் மூன்று பேர். நாகஜோதி. தவசியின் தம்பி வனராஜ், மரம் ஏறுவதில் மந்தி. மூன்றாவது காதர் மைதீன், தவசியின் இருபது வருஷத்துக் கூட்டாளி, மலைப்பாதையில் ஜீப் ஓட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"மதினி, அந்தா கெடக்கே, அத மாட்டுங்க." மூலையில் கிடந்த, பட்டன் பட்டனாக ரப்பர் புடைத்த அகலமான டயர்களைக் காட்டினான் வனராஜ். மலைக்குச் சுற்றிப்பார்க்கப் போகிற பணக்காரப் பிள்ளைகள் மாட்டுவது. பார்வைக்குப் பூதம் போல இருக்கும்.

"அது அஞ்சு இஞ்சு பெரிசு தம்பி. ஸ்டேரிங்க ஒடிச்சா மட்கார்டுல இடிக்கும். வளைவுல திரும்பலைன்னா பள்ளத்துக்குத்தான் போகணும். அகலம் வேற. அகல டயரு சேத்து மேல மெதக்கும். நமக்கு மெதக்க வேணாம், அடித்தரையப் போயிக் கவ்வணும்." சொல்லிக்கொண்டே இன்னொரு செட்டை உருட்டி வந்தாள். ஒடுக்கமானது, உயரமானது, பட்டன் பாதி தேய்ந்தது. "இது மூணு இஞ்சு பெரிசு."

"மூணு இஞ்சு தூக்குமா தங்கச்சி?" என்றான் மைதீன்.

"எங்கண்ணே தூக்கும்? மூணுல பாதி டயருக்கு மேலயில்ல போயிரும். வயித்துக்கு ஒன்றரைதான் கெடைக்கும். நேத்து ஒரு இஞ்சுலதான் தட்டி நின்னோம். போதும்."

"பின்னால மட்டும் ரெண்டு மாட்டிட்டா சீக்கிரம் கெளம்பிறலாம்ல?" வனராஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நாலு சக்கரமும் இழுக்கற வண்டிடா. முன்ன ஒரு அளவு பின்ன ஒரு அளவு போட்டா ஒண்ண ஒண்ணு முறுக்கிக் கியர்பாக்ஸ் சிதறிரும். அப்புறம் நம்மளத் தூக்க இன்னொரு ஆளு வரணும்."

முன் மட்கார்டின் உதட்டை மைதீன் வெட்டி எடுத்தான். அவள் டயரை ரிம்மில் ஏற்றினாள். டயரை நெம்பும் லிவர் நழுவி முட்டியில் அடித்து ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. ஒன்பதரைக்கு ஜீப் ஜாக்கியிலிருந்து இறங்கியது. நிமிர்ந்து நின்றது. இப்படி இதைப் பார்க்கத்தானே அந்த மனுஷன் ஒரு வருஷம் கெஞ்சினான் என்று நினைத்தாள். கஞ்சி ஒரு தூக்கில், கம்பளி இரண்டு, மரப்பலகை இரண்டு, கயிறு, மண்வெட்டி எல்லாம் பின்னால் ஏற்றினாள்.

பத்தரைக்குச் செக்போஸ்ட். காவலுக்கு இருந்தவர் கம்பைத் தூக்கிவிட்டு, "பாத்துப் போங்க, மேல ரெண்டு எடத்துல சரிஞ்சு கெடக்கு" என்றார். தவசியின் நோட்டை மடியில் விரித்துக்கொண்டாள் நாகஜோதி. மழையில்லாத மாதங்களில் வண்டி ஏறும்போது, செக்போஸ்ட்டிலிருந்து ஒவ்வொரு அடையாளமும் எத்தனை கிலோமீட்டர் என்று தன் ஜீப் மீட்டரைப் பார்த்தே எழுதிவைப்பது அவன் பழக்கம். மூடுபனியில் கண் உதவாது, மீட்டர் உதவும் என்பான். எட்டு புள்ளி நாலு, ஓடை. பதிமூன்று, வெள்ளைக் கல். பத்தொன்பது புள்ளி ஆறு, பாறைக்குடை, இடப்பக்கம் நூறடி கீழே. நேற்று வயிறு தட்டிய மேட்டுக்கு மேலே அவள் அந்தப் பாதையில் போனதே இல்லை. மைதீன் மேலே போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குள் உண்ணிச்செடி ஆளுயரம் மண்டிவிட்டது. நம்பியதெல்லாம் நோட்டும் மீட்டரும்தான். புறப்படும்போது மீட்டரில் என்ன எண் இருந்தது என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

சேற்றில் பிடிப்புக் கிடைக்க, டயர்களில் காற்றைப் பதினெட்டுப் பவுண்டுக்கு இறக்கினார்கள். கியர் லோவில் விழுந்தது. ஏறினார்கள்!

நேற்று வயிறு தட்டிய மேடு வந்தது. மைதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினான். அடியில் ஒரு உரசல்கூட இல்லை. வனராஜ் கையைத் தட்டினான். அதற்கு மேலே ஆளை விழுங்குகிற சேறு. டயரின் பட்டன்கள் சேற்றைக் கிழித்து அடியில் இருந்த கல்லைப் பிடித்தன, வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது. ஓரிடத்தில் பாதி ரோடு பள்ளத்தில் போயிருந்தது. வனராஜ் குதித்து, பலகையைப் போட்டு, முன்னால் நின்று விரல் விரலாகக் கை காட்டினான். "இன்னும் இன்னும், வலது, நில்லு, வாங்கண்ணே." அகல டயராக இருந்திருந்தால் வெளிச்சக்கரம் காற்றில்தான் நின்றிருக்கும். அவள் பொறுக்கியது சரியான டயர். அதில் சந்தேகமே இல்லை.

ஓடை வந்தபோது மீட்டர் ஏழு புள்ளி ஆறு காட்டியது.

"எட்டு நாலுன்னு எழுதியிருக்காரு. முன்னாலயே வந்துருச்சே" என்றாள்.

"மழைக்கு ஓடை தடம் மாறியிருக்கும் தங்கச்சி. இந்த மழைக்கு மலையே மாறியிருக்கு" என்றான் மைதீன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பதிமூன்றில் பார்க்க வேண்டிய வெள்ளைக் கல்லை மண்சரிவு மூடிவிட்டிருந்தது. மண்ணை வெட்டி வழி பண்ண ஒரு மணி நேரம். அப்புறம் மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பட்டன் டயரின் உறுமலும் எஞ்சினின் அலறலும் காதை அடைத்தன. அவள் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதினேழு. பதினேழு புள்ளி ஏழு. பதினெட்டு. இதோ வந்துவிட்டோம், இதோ வந்துவிட்டோம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரண்டு மணிக்கு மீட்டர் பத்தொன்பது புள்ளி ஆறைத் தொட்டது. "நிறுத்துங்கண்ணே."

இடப்பக்கம் கீழே இறங்க வேண்டும். அங்கே கீழே என்று ஒன்றே இல்லை. செங்குத்தாக ஒரு மேடுதான் நின்றது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். மலை எதிரொலித்தது. மைதீன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். வனராஜ் மேட்டில் தொற்றி ஏறினான். அங்கும் இங்கும் ஓடினார்கள், குரல் கிழியக் கத்தினார்கள். கீழே என்று எழுதியது மேலே என்று இருக்குமோ? இடம் என்றது வலமோ? வலப்பக்கப் பள்ளத்தில் மைதீன் கயிற்றில் இறங்கி, அட்டை அப்பிய காலோடு ஏறிவந்தான். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

"தப்பா எழுதிட்டானா அண்ணே?" வனராஜ் அழுதுவிட்டான்.

"அவன் தப்பா எழுத மாட்டான்" என்றான் மைதீன்.

நாகஜோதி தளர்ந்துபோய் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை டயரின் விலாவில் பட்டது. அதில் அச்சாகியிருந்த அளவு விரலுக்குத் தட்டுப்பட்டது. அப்படியே உறைந்துபோனாள்.

பெரிய டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் கூடத் தூரம் போகும். மீட்டர் பாவம், சுற்றைத்தான் எண்ணும். இருபது ஓடினால் பதினெட்டு என்று சொல்லும். கடைக்கு வருகிற ஒவ்வொரு ஜீப்காரனிடமும் அவள் சொல்லுகிற முதல் பாடம் இதுதான். "பெரிய டயரு போட்டா மீட்டரு கொறச்சுக் காட்டும்ணே, வாடகைக் கணக்குல ஏமாந்துராதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். தவசி எழுதியது சின்ன டயரில். அவர்கள் வந்தது பெரிய டயரில். வேறு யார் மறந்தாலும் தகும், அவள் மறந்தாளே. தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, தாண்டி வந்துட்டோம். பதினேழு ஏழுலயே நின்னுருக்கணும். நான் பாவி, மீட்டரப் பாத்தேன், டயரப் பாக்கலையே."

மைதீன் ஓடிப்போய் ஸ்டேரிங்கில் உட்கார்ந்தான். வண்டியைத் திருப்ப இடம் இல்லை. அந்த வளைவில் பின்னுக்கும் முன்னுக்கும் பதினாலு தடவை ஒடித்துத் திருப்பினான்.

மீட்டரில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கே இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பனி விலகியிருந்தது. வனராஜ்தான் முதலில் பார்த்தான். "மதினி, ரோட்டுல."

ரோட்டோரத்தில் சேற்றில் குப்புறக் கிடந்தான் தவசி. கீழே பாறைக்குடையிலிருந்து அங்கே வரைக்கும் செடி நசுங்கிய தடம். நாகஜோதி ஓடினாள். ஓடும்போதே அவள் கண்ணில் பட்டுவிட்டது. சேற்றில் அவர்கள் மதியம் போன டயர் அச்சு, பட்டன் பட்டனாகப் பதிந்திருந்தது. அதன் மேலே அவன் இழுத்து வந்த காலின் கோடு. அச்சை அழித்துக்கொண்டு போன கோடு. டயர் அச்சைப் பார்த்தே வண்டியின் குறை சொல்லுகிறவளுக்கு அதைப் படிக்க ஒரு நொடிகூட வேண்டாம். அவர்கள் போன பிறகு, சத்தம் கேட்டு, அவன் நூறடி மேட்டில் தவழ்ந்து வந்திருக்கிறான்.

உயிர் இருந்தது. உடம்பு ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. தொடையில் அவனே போட்டிருந்த கட்டு நழுவி, ரத்தம் புதிதாகக் கசிந்தது. புரட்டி மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணைத் திறந்தான்.

"வந்துட்டியா புள்ள." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "மதியமே சத்தம் கேட்டுச்சு. கூப்புட்டேன். நீ பாட்டுக்குப் போயிட்ட."

"மீட்டரு கொறச்சுக் காட்டிருச்சுங்க. டயரு மாத்திட்டேன். நான் கணக்குப் பாக்கலங்க. என்னைய மன்னிச்சிருங்க."

அவன் கண் மெல்ல ஜீப் பக்கம் போனது. சக்கரத்திலேயே நின்றது. "எத்தன இஞ்சு?"

"மூணு."

உதடு அசைந்தது, கணக்குப் போட்டான். "அப்ப பதினேழரைக்கு மேல… பதினேழு ஏழுல நிக்கணும்." சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "டயர் கடைக்காரி. ஊருக்குச் சொல்லுவ."

"திட்டுங்க. நல்லாத் திட்டுங்க."

"நல்லா இருக்குடி வண்டி" என்றான்.

கம்பளியில் சுற்றி, ஜீப்பின் பின்னால் பலகையில் படுக்கவைத்து, தலையை நாகஜோதியின் மடியில் வைத்தார்கள். இரண்டு வாய் கஞ்சி இறங்கியது. மைதீன் ஸ்டேரிங்கில், வனராஜ் அவன் பக்கத்தில். மணி நாலரை.

"அண்ணே, பிரேக்க நம்பாதீங்க. பெரிய டயருக்கு அது பத்தாது. லோ கியருலயே எறக்குங்க. பதட்டப்பட்டா நாலு பேரும் பள்ளத்துக்குத்தான்" என்றாள்.

"மாப்ளைய நீ பாத்துக்க. வண்டிய நான் பாத்துக்கறேன்."

மலை ஏறுவதல்ல கஷ்டம், இறங்குவதுதான் கஷ்டம் என்று சொல்லுவார்கள். சறுக்கிக்கொண்டே இறங்கியது ஜீப். ஒவ்வொரு வளைவிலும் கனத்த சக்கரங்கள் வண்டியை முன்னால் தள்ளின. மைதீனின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. மண்சரிவைத் தாண்டினார்கள். பாதி ரோடு போன இடம் இனிமேல்தான். மழை மறுபடியும் பிடித்தது.

தவசி அவள் கையைப் பிடித்திருந்தான். ஓடைக்கு மேலே இருந்த வளைவில் ஒரு நீளமான மூச்சு விட்டான். அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். காத்திருந்தாள். குனிந்து அவன் மூக்கருகே கன்னத்தை வைத்தாள். ஜீப் ஒரு கல்லில் ஏறி இறங்கியது, அவன் தலை மடியில் தானாக உருண்டது.

அவளுக்கு அலற வேண்டும் போல இருந்தது. மார்பைப் பிளந்துகொண்டு வந்தது அந்த அலறல். அந்த நேரத்தில் முன்னால் பார்த்தாள். மைதீன் இரண்டு கையாலும் ஸ்டேரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இடப்பக்கம் வனராஜ், அதற்கு அப்பால் எண்ணூறடிப் பள்ளம். வனராஜுக்கு வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. புடவைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

"மாப்ள என்ன சொல்றான் தங்கச்சி?" மைதீன் திரும்பாமலே கேட்டான்.

தலைப்பை எடுத்தாள். "தூங்குறாருண்ணே. நீங்க மெதுவாப் போங்க."

"தூங்கட்டும். டேய் மாப்ளே, வீட்டுக்குப் போனதும் உனக்கு இருக்குடா. ஏலக்காய்க்கு உசுரக் குடுக்கப் போன பயலே."

பாதி ரோடு போன இடம் வந்தது. வனராஜ் மழையில் இறங்கி மீதிப் பலகையைப் போட்டான், கை காட்டினான். வெளிச்சக்கரம் பலகையின் விளிம்பில் ஒரு முறை வழுக்கியது. மைதீன் "யா அல்லா" என்றான். கை பதறவில்லை. வண்டி கடந்தது. அவள் தவசியின் ஈரத் தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தாள். எட்டு கிலோமீட்டர். பெரிய டயரில் எட்டு. சின்ன டயரில் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவ்வளவு நீளமான பாதையை அவள் வாழ்நாளில் கடந்ததில்லை. மைதீன் மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் தூங்குறாரு என்றாள்.

கடைசி நாலு கிலோமீட்டரில் போனில் சிக்னல் கோடு விழுந்தது. வனராஜ் வீட்டுக்கு அடித்தான். "அம்மா, அண்ணன் கெடச்சுட்டான். ஆமா, உசுரோட. பேசுனான்மா, மதினிய வையிறான்." சிரித்துக்கொண்டே அழுதான். நாகஜோதி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. கடைசிக் கொண்டையூசி வளைவு இன்னும் பாக்கி இருந்தது.

செக்போஸ்ட்டில் பாதிப் போடி திரண்டிருந்தது. ஜீப் விளக்கைக் கண்டதும் கை தட்டினார்கள். விசில் பறந்தது. இந்த மழையில், அந்தப் பாதையில், இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏறி ஒரு ஆளைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று ஆளாளுக்கு வண்டியைத் தட்டிக்கொடுத்தார்கள். யாரோ குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்துவைத்து நின்றது.

வண்டி சமதரையில் முழுசாக நின்றதும்தான் மைதீன் ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்தான். திரும்பினான், முகமெல்லாம் பல். "கொண்டாந்துட்டோம்ல தங்கச்சி?"

"கொண்டாந்துட்டோம்ணே" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு வேணாம். வீட்டுக்கு விடுங்க."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எப்ப?"

"ஓடைக்கு மேலயே."

"அங்கருந்து… ஏந்தாயி சொல்லல?"

"அவரு போயிட்டாருண்ணே. உங்க ரெண்டு பேரையும் இன்னும் எறக்க வேண்டியிருந்துச்சு."

வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. மைதீன் வண்டியை மறுபடியும் கியரில் போட்டான். ஆம்புலன்ஸைத் தாண்டி, மெதுவாக, வீட்டுப் பக்கம் திருப்பினான். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.